உடு, ஊடு, குடு

சிவப்பு ஓட்டுக் கூரை, இரண்டு ஜன்னல், பக்கத்தில் சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை. உள்ளங்கை அகல அட்டையில் அச்சடித்த வீடு. சேலத்து மருத்துவமனை ஒன்றின் பேச்சுப் பயிற்சி அறையில், அந்த அட்டையை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இது என்ன, சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டார் பயிற்சியாளர். மாமா அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். வலப்பக்கம் தொங்கிப்போயிருந்த வாயை எப்படியோ கூட்டிச் சேர்த்து, "ஊடு" என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். பயிற்சியாளரோ தன் தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, "முதல் எழுத்து வரலையே. வ்... வீடு. உதட்டைக் கடிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மாமா வாயை மூடிக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், எங்க பக்கத்துல வீடே ஊடுதாங்க. நல்லா இருந்தப்பவும் அவரு ஊடுன்னுதான் சொல்லுவாரு" என்றேன். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், நல்ல மனுஷி. சிரித்து, தலையில் லேசாகத் தட்டிக்கொண்டு, பெருக்கல் குறியை அடித்துச் சரி என்று குறித்தார். நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டார். முதுகலை, பயன்பாட்டு மொழியியல் என்றேன். "அப்ப பாதி வேலையை நீங்களே வீட்டுல பாத்துக்கலாமே" என்றார். அந்தப் பெருமையில் நான் நெஞ்சை நிமிர்த்தி உட்காருவதற்குள் அடுத்த அட்டை வந்தது. மாடு. மாமா, "ஊடு" என்றார். சாவி. "உடு." குடை. "உடு." நான் மெதுவாக நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. ஆனால் அவர் விவசாயத்தில் கால் வைத்து நின்றதைவிடப் போர்வண்டியில் ஏறி நின்றதுதான் அதிகம். ஆழ்குழாய்க் கிணறு போடும் அந்த வண்டிகளோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றியவர். வண்டியின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தி, ஊருக்கு வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் பக்கத்து ஊருக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். நான் மொழியியல் சேர்ந்தேன் என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் கேட்கிற கேள்வியைத்தான் அவரும் கேட்டார். "அம்முணி, அதுல எத்தன மொழி சொல்லித் தருவாங்க?" ஒன்றும் சொல்லித் தரமாட்டார்கள், மொழி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம் என்றேன். "அட போ சாமி. நான் தெலுங்கு பேசறேன், இந்தி பேசறேன், கன்னடத்துல வையறேன். எனக்கு எவனும் பட்டம் குடுக்கல. ஒண்ணுமே சொல்லித் தராததுக்கு ரெண்டு வருசமா?" என்று சொல்லி, தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் "வாங்க, பாசை டாக்டரு" என்றுதான் வரவேற்பு.

அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அந்தப் படிப்பு என் காதைக் கெடுத்துவிட்டது. யார் பேசினாலும் என்ன சொல்கிறார்கள் என்பது கடைசியில்தான் வந்து சேரும். எப்படிச் சொல்கிறார்கள் என்பது முந்திக்கொள்ளும். புதுச்சத்திரத்தில் பேருந்து நிற்கும்போது நடத்துனர் "எறங்கறவிய எறங்குங்க" என்றால், இறங்க வேண்டியவள் நான்தான் என்பதை மறந்து 'வர்கள்' தேய்ந்து வந்த அந்த 'விய'வைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா தொலைபேசியில் அழுதுகொண்டே எதையோ சொன்னபோது, அழுகையில் உயிரெழுத்து எவ்வளவு நீளுகிறது என்று மனம் ஓடியதை நினைத்தால் இப்போதும் என்மேலேயே எரிச்சல் வருகிறது. விடுதியில் நான் ஊர்க்காரி, ஊரில் நான் படிப்புக்காரி. இரண்டு இடத்திலும் கால் தரையில் பாவவில்லை. ஆய்வேட்டுக்கு என்ன தலைப்பு என்று கேட்ட பேராசிரியை, "உங்க ஊர்ப் பேச்சையே பதிவு பண்ணி எடுத்துட்டு வாயேன், அதை யாரு செய்யப்போறா?" என்று சொல்லி அனுப்பினார். அப்படித்தான் கடைசிப் பருவத்தில் ஒரு ஒலிவாங்கியோடு மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வந்து சேர்ந்த வாரத்திலேயே மாமாவின் பேச்சு போயிற்று.

அது போன விதத்தைச் சொல்லியாக வேண்டும். மாமாவின் ஒரே மகளுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. அவர்களும் போர்வண்டி வைத்திருக்கும் குடும்பம். பெண்ணை வந்து பார்த்துப் போயாயிற்று. ஜாதகமும் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதை மாமா யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முன்னறிவிப்பு இல்லாமல் போனால்தான் ஒரு வீட்டின் உண்மையான முகம் தெரியும் என்பது அவர் கட்சி. திரும்பி வந்தவரிடம் அத்தை, "என்னங்க, எப்படிங்க இருந்துது?" என்று கேட்டார். "பசிக்குது, சோத்தப் போடு. காலையில பேசிக்கலாம்" என்றார் மாமா. காலையில் எழுந்து உட்கார்ந்தவருக்கு வலது கையும் இல்லை, வார்த்தையும் இல்லை.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த ஒரே சொல்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், விளக்கை அணைக்கச் சொன்னாலும் அதுதான். ஆமாவா இல்லையா என்று தலையை ஆட்டிச் சொல்லுங்கள் என்றால் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆட்டினார். சிலேட்டைக் கொடுத்தால் இடது கையால் ஒரு கோடு இழுத்துவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் மட்டும் ராஜஸ்தானில் கற்ற ஒரு கெட்ட வார்த்தை முழுசாக, உச்சரிப்புப் பிசகாமல் வந்து விழும். வசவும் எண்ணிக்கையும் பாட்டும் மூளையில் வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும் என்று வகுப்பில் படித்திருந்தேன். படித்தது சொந்த வீட்டில் கண்முன்னே நடப்பதைப் பார்க்கும் நிலை எந்த மாணவருக்கும் வரக் கூடாது.

திருச்செங்கோட்டுக்காரர்கள் அவசரப்படுத்தவில்லை. நோயாளியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் வேறு இடமும் வந்துகொண்டிருப்பதால், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தேவலை என்று தரகர் மூலமாகச் சொல்லியனுப்பினார்கள். அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அவிய போயிப் பாத்துட்டு வந்தாங்க. என்ன பாத்தாங்கன்னு அவியளுக்குத்தான் தெரியும். அவிய வாயில இருந்து வராம நான் எப்படிங்க சரின்னு சொல்றது, எப்படிங்க வேண்டாமுன்னு சொல்றது?" என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மாமாவின் அண்ணன், எங்களுக்குப் பெரிய மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து, மாமாவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சொந்தத்தில் சிலர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சைப் பதிவு செய்யட்டுமா என்று நான் கேட்டபோது, "பண்ணு, பண்ணு. நாளைக்குச் சொல்லலைன்னு ஆயிறக் கூடாது" என்றார் பெரிய மாமா.

"தம்பி, நான் கேக்கறது காதுல உழுகுதா? திருச்செங்கோட்டுல போயிப் பாத்தயே, அந்த எடத்துக்கு நம்ம புள்ளைய என்ன பண்ணலாம்? நீ ஒரே ஒரு வார்த்த சொல்லு."

மாமா அண்ணனையே பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்தது. சொன்னார். அதே சொல். ஆனால் இந்த முறை அழுத்தி, கேட்டதற்குப் பதில் என்று யாருக்கும் தெரிகிற மாதிரி.

கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "உடுன்னுட்டாரு. விட்டுத் தள்ளுங்கறாரு, வேண்டாமுங்கறாரு" என்றது ஒரு குரல். "எங்கீங்க, ஊடுன்னு இழுத்தாரு. ஊடு நல்லாருக்குதுங்கறாரு" என்றது இன்னொன்று. பெரிய மாமா கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினார். "ரெண்டுமில்ல. புள்ளைய என்ன பண்ணலாமுன்னு கேட்டேன், குடுங்கறான். முன்னாடி எழுத்து வாயில நிக்கல, அவ்வளவுதான்." வேறு ஜில்லாவாக இருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. விடு விடுவாகவும் வீடு வீடாகவும் இருக்கிற ஊரில் ஒரு மனிதனின் பாதிச் சொல்லைக்கூட அடையாளம் கண்டுவிடலாம். 'வ'வை வாசலிலேயே கழற்றிவிட்டுப் பழகிய எங்களுக்கு, வேண்டாம் என்பதும் வீடு என்பதும் கொடு என்பதும் ஒரே ஓசைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அந்த ஓசைக்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை இருந்தது.

பெரிய மாமா என் பக்கம் திரும்பினார். "ஏன் அம்முணி, இதுக்குத்தான படிக்கிற? நீ சொல்லு. என்ன சொன்னான்?"

பதிவை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மடிக்கணினியில் அந்த ஒற்றைச் சொல்லை வெட்டியெடுத்தேன். ஒலி அலையைத் திரையில் விரித்து உயிரெழுத்தின் நீளத்தை அளந்தேன். குறிலுக்கு அதிகம், நெடிலுக்குக் குறைவு. அவருடைய நாக்கு ஓடுகிற வேகத்தில் குறில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் வேறு தமிழ்ச் சொல்லே கிடையாது. சொல்லின் தொடக்கத்தில் சிறு வெடிப்பு ஒன்று இருந்தது. அது 'க'வாக இருக்கலாம், கட்டில் முனகியதாகவும் இருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்கக் கேட்க ஓசை கரைந்து, சொல்லாகவே இல்லாமல் போயிற்று. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி கேட்டேன். என் காதுக்கு அது 'உடு' என்றுதான் விழுந்தது. விட்டுவிடு. ஆனால் அந்தக் காதை எப்படி நம்புவது? அந்தச் சம்பந்தம் எனக்கே பிடிக்கவில்லை. மாமா மகள் ராசிபுரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், மேலே படிக்க வேண்டியவள், இப்போதே என்ன கல்யாணம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன். ஆசைப்பட்டதைத்தான் காது கேட்கும் என்பதற்கு மொழியியல் படிக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரியும். இப்படி ஒரே சொல் மிச்சமாகிப்போனவர்களுக்கு, மனதில் எதை நினைத்தாலும் வாயில் அதுதான் வரும். அந்தச் சொல்லுக்குத் தனியாகப் பொருள் இருக்க வேண்டியதில்லை. போர்வண்டியில் கம்பியை இறக்கும்போதெல்லாம் "உடு, உடு" என்று காலமெல்லாம் கத்திய மனிதருக்கு, எல்லாம் அழிந்த பிறகும் அது ஒன்று ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். வெளியே வந்து அதைத்தான் சொன்னேன். என்ன சொன்னார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லாமலும் இருக்கலாம் என்றேன்.

அத்தை முகம் சிவந்துவிட்டது. "அர்த்தமில்லாமப் பேசறாங்கன்னா என்ன கண்ணு? உங்க மாமனுக்குப் பைத்தியமுன்னு சொல்றியா?"

"அப்படி இல்லீங்க அத்தை..."

"இத்தன வருசம் படிச்சுப்போட்டு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தெரியலைன்னா, அதென்ன படிப்பு?" என்றார் பெரிய மாமா. அவர் குரலில் கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். எனக்கும் அது உண்மையாகவே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. 'உடு என்றுதான் சொன்னார்' என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. நான் அழுத்திச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். படித்தவள், இயந்திரத்தில் போட்டுப் பார்த்தவள்.

அப்போதுதான் மாமா மகள் சமையலறை வாசலுக்கு வந்தாள். அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரும் வட்டாவும் கையிலேயே இருந்தன.

"ஏனுங்க பெரியப்பா, அப்பா என்ன சொன்னாருன்னு இத்தன நேரமா எல்லாரும் கேக்கறீங்க. என்ற வாய்க்கு என்னங்க ஆச்சு? அது நல்லாத்தானுங்களே இருக்குது?"

அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை என்பதுதான் அந்த நிமிடத்தில் என்னை உறுத்தியது. அவள் வேண்டாம் என்று சொல்லப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன்.

"எனக்கு அந்த மாப்பளையப் புடிச்சிருக்குதுங்க" என்றாள். "அப்பாவுக்கு இப்படி ஆனதுக்கு அப்பறம் அவிய போன் பண்ணுனாங்க. கண்ணாலத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. அப்பா இன்னிக்கு என்ன சாப்புட்டாரு, காலு அசையுதான்னு கேட்டாங்க. என்னையவே வாங்க, சொல்லுங்கன்னுதான் பேசறாங்க. எனக்குச் சரிங்க. அப்பா நல்லாகி எழுந்து நடக்கட்டும், அப்பறம் வெச்சுக்கலாமுன்னு சொல்லுங்க. காத்திருந்தாங்கன்னா பாக்கலாம்." சொல்லிவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கை கொடுத்து நிமிர்த்தி, கஞ்சியை ஊட்டினாள். மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாய் சிரித்தது. பக்கவாதத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்துவிடும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு வாய் விழுங்கிவிட்டு அதே சொல்லை மறுபடி சொன்னார். அதற்கு யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

அவர்கள் காத்திருந்தார்கள். மாமா கைத்தடியோடு நடந்து வந்து மணமேடை ஓரத்தில் நின்றார், கல்யாணம் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை என் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை. பேராசிரியை கேட்டபோது, ஒலி தெளிவில்லை என்றேன். இப்போது நாமக்கல்லில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். மனிதர் பேசுவதைக் கணினிக்குப் புரியவைக்க, யார் யாரோ பேசிய துண்டுத் துண்டுப் பேச்சைக் கேட்டு எழுதித் தரும் வேலை. புரியாத இடத்தில் 'தெளிவில்லை' என்று குறிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. மற்றவர்களைவிட நான் அதை அதிகம் அழுத்துகிறேன் என்று மேலாளர் அவ்வப்போது கடிந்துகொள்வார். அழுத்திவிட்டு, சரியாகத்தான் அழுத்தினேனா என்று அரைமனதோடு திரும்பிப் போய்க் கேட்பேன். அந்தச் சஞ்சலம் இன்னும் என்னை விடவில்லை.

மாமாவுக்குப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. தெலுங்கும் கன்னடமும் வரவில்லை, இந்தியில் அந்தக் கெட்ட வார்த்தையோடு சரி. தமிழ் வருகிறது, ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு. போன மாதம் போயிருந்தேன். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் தரையில் உட்கார்ந்து, மாமாவின் அசையாத கையைத் தன் மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "வலிக்குதுங்களா மாமா, வலிச்சாச் சொல்லுங்க" என்று ஒவ்வொரு விரலுக்கும் கேட்டார். அவர் எழுந்து வெளியே போன பிறகு, இத்தனை நாளாகக் கேட்கத் தயங்கியதைக் கேட்டுவிட்டேன். "மாமா, அன்னிக்குப் பெரிய மாமா சம்பந்தத்தப் பத்திக் கேட்டாரே, நீங்க என்னங்க சொன்னீங்க? ஞாபகம் இருக்குதுங்களா?"

மாமா வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"உடுன்னுதான்... சொன்னேன்."

"சம்பந்தத்தையா?"

"ஆமா. மாப்பளையோட... அப்பன். வேலைக்கிருந்த... வயசான ஆளு... காப்பி கொண்டாந்துது. அதப் போயி... டேய்ங்கறான். ஒருத்தருக்கும்... ஒரு 'ங்க' இல்ல. புடிக்கல. பையன்... அன்னிக்கு ஊட்டுல இல்ல."

என் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அன்றைக்குக் கதவைத் திறந்து வந்து அந்த ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். அப்பா வேண்டாம் என்று சொன்ன பிறகு மாமா மகள் சமையலறையை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டாள். வெளியிலிருந்து அவளும் அவள் கணவரும் எதற்கோ சேர்ந்து சிரிக்கும் சத்தம் வந்தது. இதை அவளிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

மாமா தலையை இடமும் வலமும் ஆட்டினார். இப்போது அவருக்கு இல்லை என்பது இல்லை என்றே வருகிறது. பிறகு தன் இடது கையால் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்துச் சொன்னார்.

"நல்லவேள சாமி... அன்னிக்கு... எனக்கு வாய் வரல."